மூன்றும் ஐம்பதும்

தமிழில் ஐம்பத்து மூன்று என்போம். ஜெர்மன்காரர் அதையே 'மூன்றும் ஐம்பதும்' என்பார்: ட்ரை உண்ட் ஃபுன்ஃப்சிஷ். நம் ஊரிலிருந்து ஜெர்மன் மருத்துவமனைக்கு வேலைக்குப் போகும் நர்ஸ்கள் முதல் சில மாதங்களில் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். இலக்கணமோ குளிரோ இவ்வளவு படுத்துவதில்லை. டியூட்டி மாறும்போது நாடித்துடிப்பு 'எட்டும் நாற்பதும்' என்று சொல்வார்கள். காது முதலில் எட்டைப் பிடிக்கும், கை 84 என்று எழுதிவிடும். உண்மையில் அது 48. 84 என்றால் கவலை இல்லை, 48 என்றால் டாக்டரைக் கூப்பிட வேண்டியிருக்கலாம். எண் முழுவதும் காதில் விழும்வரை பேனாவைத் தாளில் வைக்கக் கூடாது. எழுதியபின் 'நான்கு, எட்டு' என்று ஒவ்வொரு இலக்கமாகத் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். அப்படிக் கேட்பவரை அங்கே யாரும் மட்டமாக நினைப்பதில்லை. புரியாமலே தலையாட்டுகிறவரைக் கண்டுதான் பயப்படுவார்கள். அதிலும் நம் தலையாட்டல் அவர்களுக்கு 'இல்லை' என்பதுபோலத் தெரியும். வாயைத் திறந்து 'ஆம்' என்று சொல்லிப் பழக வேண்டும்.

எழுதிய எண்ணும் ஏமாற்றும். தசமத்துக்குப் புள்ளி கிடையாது, காற்புள்ளிதான்: இரண்டரை மில்லிகிராம் 2,5 என்று இருக்கும். புள்ளி ஆயிரத்தைப் பிரிக்கும்: 1.000 மில்லி என்றால் ஒரு லிட்டர். காய்ச்சலை ஃபாரன்ஹீட்டில் சொல்லிப் பழகியவர்கள் 100.4 என்பதை 38 என்று மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். சுகர் அளவு மேற்கு ஜெர்மனியில் நம் ஊரைப்போல மில்லிகிராம் கணக்கு. பழைய கிழக்கு ஜெர்மனிப் பகுதிகளில் இன்றும் பல இடங்களில் மில்லிமோல் கணக்கு. 18ஆல் பெருக்கினால் நம் கணக்கு வரும், 7,0 என்றால் 126. 'பாதி மூன்று' மணி என்றால் இரண்டரை, மூன்றரை அல்ல.

வெளிநாட்டுக் கனவை நாம் பெரும்பாலும் ஓர் இடமாகத்தான் காண்கிறோம்: பனி, ரயில், சுத்தமான தெரு. போய் இறங்கியதும் கையில் கிடைப்பது மனிதர்கள். வேறு உடல், வேறு பேச்சு, வேறு கூச்சம் உள்ள மனிதர்கள். அவர்களுக்கு நம்மைத் தயார் செய்யும் பாடம் பி2 நிலை ஜெர்மன் மொழி வகுப்பில் மிகக் குறைவு. தேர்வில் கேட்பது புத்தக ஜெர்மன். ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு முதியவர் 'டெப்பிஷ்' கேட்டால் அவருக்கு வேண்டியது தரைவிரிப்பு அல்ல, போர்வை. அவருக்குப் 'ஃபூஸ்' வலிக்கிறது என்றால் பாதத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகக் கூடாது. அந்த வட்டாரத்தில் அந்தச் சொல் இடுப்புவரை முழுக் காலையும் குறிக்கும். விரலால் தொட்டுக் காட்டச் சொல்வதே நல்லது.

காகித வேலையில் தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு, இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் ஓர் எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர், நர்சிங் கவுன்சில் பதிவில் கணவர் பெயர் என்று இருந்தால் மூன்றும் ஒரே ஆளா என்று அங்கே கேட்பார்கள். விண்ணப்பிக்கும் முன்பே ஒன்றாக்கிவிட வேண்டும், முடியாவிட்டால் பெயர் விளக்கச் சான்று ஒன்றை வாங்கி மொழிபெயர்த்து வைக்க வேண்டும். அடுத்தது பாடநேரம். படிப்பை அங்கீகரிப்பது அந்தந்த மாநில அலுவலகம். ஒவ்வொரு பாடத்துக்கும் வகுப்பில் எத்தனை மணி, வார்டில் எத்தனை மணி என்று கல்லூரி பிரித்துத் தந்த கடிதத்தை அது எதிர்பார்க்கும். அந்தக் கடிதம் மொட்டையாக இருந்தால், ஜெர்மன் படிப்போடு ஒப்பிட்டு அது தரும் குறைபாட்டுப் பட்டியல் நீளும். முதியோர் பராமரிப்பு பெரும்பாலும் அதில் வரும்.

பட்டியல் வந்தபின் இரண்டு வழி. ஒன்று தேர்வு: 45 முதல் 60 நிமிட வாய்மொழிப் பகுதியும், வார்டில் நோயாளியுடன் செய்துகாட்டும் பகுதியும். தவறினால் மறுபடி ஒரே வாய்ப்பு. மற்றொன்று, வார்டிலேயே வேலை செய்தபடி முடிக்கும் பயிற்சி. அதன் முடிவில் உரையாடல் மட்டும்தான். பேச்சில் தயக்கம் உள்ளவர்களுக்கு, மாதங்கள் கூடினாலும், இரண்டாவதே நல்லது என்பது எங்கள் கருத்து. சான்றிதழ் கைக்கு வரும்வரை உதவியாளர் சம்பளம்தான். முதல் வருடக் கடன் கணக்கைப் போடும்போது பலர் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

எல்லாம் முடிந்து வார்டுக்குள் நுழைந்தால் முதல் அதிர்ச்சி வாளியும் துண்டும். இங்கே நர்ஸ் ஊசி போடுவார், டிரிப் ஏற்றுவார். உடம்பு துடைப்பதும் பெட் பேன் வைப்பதும் ஆயாவோ வீட்டாரோ பார்ப்பது. அங்கே இரவில் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுக்கும் வீட்டார் கிடையாது. குளிப்பாட்டுவது நர்ஸ், சோறூட்டுவதும் நர்ஸ். ஐவி ஊசி பல இடங்களில் டாக்டரின் வேலை. 'பி.எஸ்சி. படித்தது இதற்கா' என்ற கசப்பில் ஒரு வருடத்திலேயே திரும்பியவர்கள் உண்டு. அந்தக் கசப்பு புரிகிறது. ஆனால் அந்தக் கால் மணி நேரத்தை வெறும் குளிப்பாட்டல் என்று எடுத்துக்கொள்வது தவறு. முதலில் தண்ணீரின் சூடு போதுமா என்று அவரையே கேட்பது. சோப்பு இல்லாமல் முகம். பிறகு கை, மார்பு, வயிறு, துடைக்காத பகுதி எப்போதும் துண்டுக்குள். மறைவிடத்துக்குமுன் தண்ணீரும் துணியும் மாற்றி, முன்னிருந்து பின்னாகத் துடைப்பது. முதுகைத் திருப்பும்போது வால் எலும்பையும் குதிகாலையும் பார்த்தே ஆக வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்க வேண்டும், வெளுக்காவிட்டால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது. நேற்றுப் பெயர் சொன்னவர் இன்று தடுமாறுகிறாரா, மூச்சு வாங்குகிறதா என்பதெல்லாம் அந்த நேரத்தில்தான் கண்ணில் படும்.

இந்த விரல் சோதனை வெள்ளைத் தோலை மனத்தில் வைத்து எழுதப்பட்ட பாடம். கறுத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. அங்கே புறங்கையால் சூடு பார்க்க வேண்டும், பக்கத்துச் சதையோடு ஒப்பிட்டுத் தடிப்போ மென்மையோ தெரிகிறதா என்று தடவ வேண்டும், வலிக்கிறதா என்று கேட்க வேண்டும். ரத்தசோகைக்குக் கண் இமையின் உள்பக்கம், ஆக்சிஜன் குறைந்து நீலம் பாய்வதற்கு உதட்டின் உள்பக்கம் பார்க்க வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி கறுத்த தோலில் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டிவிடலாம், மூச்சையும் சேர்த்து எண்ண வேண்டும். எரித்திரியாவிலிருந்தோ சோமாலியாவிலிருந்தோ வந்த நோயாளி ஒருவர் படுத்திருக்கும்போது, நம் ஊர் வார்டில் பழகிய கண் அந்த வார்டுக்கே பயன்படும். கற்றுக்கொள்ள வந்தவள் என்று ஒதுங்கி நிற்காமல் அதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

கூப்பிடும் முறை இன்னொன்று. வயதானவரைப் பார்த்ததும் நம் நாக்கில் வருவது தாத்தா, பாட்டி, அம்மா. அங்கே அது குழந்தையாக்குவதுபோல ஆகிவிடும். ஆணுக்கு 'ஹெர்' அல்லது பெண்ணுக்கு 'ஃப்ராவ்', குடும்பப்பெயர், 'ஸீ' என்ற மரியாதைச் சொல், அவ்வளவுதான். உடன் வேலை செய்பவர்களோடு 'டூ', அதாவது நீ. இருபது வருடம் மூத்த வார்டுப் பொறுப்பாளரையும் பெயர் சொல்லி 'நீ' என்று கூப்பிட நம்மவர்களுக்கு மாதங்கள் ஆகும். அப்பா பெயர் முருகன் என்றால் நெஞ்சிலுள்ள அட்டையில் மகள் 'ஃப்ராவ் முருகன்'. கையில் வளையல், மோதிரம், கடிகாரம் எதுவும் கூடாது, முழங்கைக்குக் கீழே வெறும் கை, ஒவ்வொரு நோயாளிக்கும் முன்னும் பின்னும் கிருமிநாசினி 30 விநாடி. மெட்டி ஷூவுக்குள் இருக்கட்டும்.

'இவள் என்னைத் தொடக் கூடாது' என்று சொல்லும் நோயாளியும் வருவார். குழப்பநிலையில் சொல்கிறாரா, தெளிவாகவா என்று முதலில் பார்க்க வேண்டும். தெளிவாகத்தான் என்றால் அறையைவிட்டு வெளியே வந்து பொறுப்பாளரிடம் சொல்லி, சொன்ன சொல்லை மாற்றாமல் தேதியும் நேரமும் போட்டு எழுத வேண்டும். 2006ஆம் ஆண்டின் சமநடத்தைச் சட்டப்படி, வெளியாட்கள் இழைக்கும் பாகுபாட்டிலிருந்தும் ஊழியரைக் காப்பது நிர்வாகத்தின் கடமை. அந்தச் சட்டத்தில் இழப்பீடு கேட்பதற்கான கெடு இரண்டு மாதம்தான். விழுங்கிக்கொண்டு போவது நல்ல குணம் என்று வீட்டில் சொல்லி வளர்த்ததை அங்கே கடைப்பிடிக்க வேண்டியதில்லை.

'ஜெர்மானியர்' என்று ஒரே முகத்தை மனத்தில் வைத்துப் போகிறவர்களுக்கு வார்டு வேறொன்றைக் காட்டும். 1961இல் துருக்கியோடு போட்ட ஆள்சேர்ப்பு ஒப்பந்தத்துக்குப்பின் ஆலைவேலைக்கு வந்த துருக்கியர்கள் இன்று கிழவர்களாகக் கட்டிலில் இருக்கிறார்கள். 1983க்குப்பின் வந்த ஈழத்தமிழர்களும் முதுமைக்கு வந்துவிட்டார்கள். மறதிநோய் வந்தால் பலருக்குப் பிற்பாடு கற்ற மொழி முதலில் போகும். முப்பது வருடம் ஜெர்மன் பேசியவர் ஒரு காலையில் துருக்கி மொழியில் மட்டும் தண்ணீர் கேட்பார். தமிழ் நோயாளி வந்தால் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். பசியா, வலியா என்று கேட்டுச் சொல்லலாம். அறுவைச் சிகிச்சைச் சம்மதத்துக்கு மட்டும் மொழிபெயர்க்க ஒப்புக்கொள்ளக் கூடாது, அதற்குத் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரைத்தான் கேட்க வேண்டும்.

அப்படி ஒரு தமிழ் மூதாட்டி 'ஃப்ராவ்' என்ற அழைப்புக்குத் திரும்பாமல், ஸ்பூனைக் கண்டு வாயை இறுக்கிக்கொண்டு, 'அம்மா' என்றதும் வாய் திறந்தால், அதை உங்களோடு வைத்துக்கொள்ளக் கூடாது. பிள்ளைகளிடம் கேட்டு, பராமரிப்புக் குறிப்பில் எழுத வேண்டும்: அம்மா என்று கூப்பிட்டால் சாப்பிடுகிறார். இரவு டியூட்டிக்கு வரும் பிலிப்பைன்ஸ்காரர் சரியாக உச்சரிக்கும்படி, அவருக்குத் தெரிந்த எழுத்தில்.