இரண்டேகாலுக்கும் மூணு ஐம்பதுக்கும் நடுவில்

தம்பு செட்டி தெருவில் ஒரு வக்கீல் ஆபீஸில் 14 வருஷமாக டைப்பிஸ்டாக இருக்கிறேன். மருத்துவ அலட்சிய மனுக்கள் எத்தனையோ அடித்தாயிற்று. ‘கருப்பை அகற்றப்பட்டது’ என்று அடித்த கையோடு டீ குடிக்கக் கிளம்பியிருக்கிறேன். 2023இல் அதே வார்த்தைகளை என் தங்கைக்காக அடிக்க வேண்டி வந்தது.

சுகப்பிரசவம்தான். ராத்திரி 2 மணிக்குப் பெண் குழந்தை. நாங்கள் எல்லோரும் வெளியே குழந்தையைச் சுற்றி நின்றோம். தங்கையோடு அம்மா மட்டும். “கீழ ஈரமா இருக்கும்மா” என்றிருக்கிறாள். அம்மா போய்ச் சொன்னதற்கு, “குழந்தை பெத்தா அப்படித்தாம்மா இருக்கும், போய் உட்காருங்க” என்றாராம் நர்ஸ். அம்மா உட்கார்ந்துவிட்டாள். இன்றைக்கும் அதைச் சொல்லித்தான் அழுகிறாள்.

தங்கை மயங்கிய பிறகுதான் டாக்டரம்மாவுக்குப் போன் போனது. கால் மணி நேரத்தில் வந்துவிட்டார். ஊசி போட்டார், ரத்தத்தை அடக்கக் கர்ப்பப்பைக்குள் பலூன் வைத்தார், ரத்தம் நிற்கவில்லை. கர்ப்பப்பையை எடுத்துவிட்டார். ரத்தத்துக்காக எழும்பூர் பக்கம் ஓடியிருந்த தங்கை வீட்டுக்காரர் திரும்பும்போது எல்லாம் முடிந்திருந்தது.

“என்கிட்ட ஒரு கையெழுத்துகூட வாங்கல அக்கா. அந்தம்மாவை உள்ள தள்ளாம விடமாட்டேன்.”

உயிர் போகிற நேரத்தில் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்று 2008இல் சமீரா கோலி வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உள்ளே தள்ளுவதும் லேசில்லை. 2005 ஜேக்கப் மேத்யூ தீர்ப்புப்படி, கணிப்பு தவறியது மட்டும் குற்றமாகாது, அலட்சியம் படுமோசமாக இருக்க வேண்டும். அதையும் முதலில் வேறொரு டாக்டர், முடிந்தால் அரசு டாக்டர், பார்த்துச் சொல்ல வேண்டும். இதெல்லாம் அழுகிற மனுஷனிடம் பேசுகிற பேச்சா? “முதல்ல கேஸ் ஷீட்டை எழுதிக் கேளுங்க” என்று மட்டும் சொன்னேன். 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது விதி. ஐந்தாம் நாள் கொடுத்தார்கள்.

எங்கள் சார் அதை ஓய்வுபெற்ற அரசு மகப்பேறு மருத்துவர் ஒருவரிடம் காட்டினார். அவர் ஆபரேஷன் குறிப்பைப் படித்துவிட்டு, “நானா இருந்தாலும் எடுத்திருப்பேன்” என்று தள்ளி வைத்தார். அப்புறம் பிரசவத்துக்குப் பிந்தைய கவனிப்புத் தாளை எடுத்தார். கால் மணிக்கு ஒரு தடவை பல்ஸ், பிபி, ரத்தப்போக்கு பார்க்க வேண்டும். வயிற்றில் கை வைத்து, கர்ப்பப்பை தேங்காய் மாதிரி கெட்டியாக இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். தாளில் 2.15க்கு ஒரு பதிவு. அடுத்து 3.50: பல்ஸ் 140, பிபி 70/40. நடுவில் மூன்று வரிகள். நேரம் போடவில்லை. மூன்றிலும் பல்ஸ் 80, பிபி 110/70. ஒரே பேனா, ஒரே சாய்வு.

“ரத்தம் போயிட்டிருக்கிற பொண்ணுக்கு 80லயே நின்னு திடீர்னு 140 ஆகாதும்மா” என்றார்.

அன்று ராத்திரி லேபர் வார்டில் அந்த ஒரு நர்ஸ்தான், பக்கத்து அறையில் இன்னொரு பிரசவம் வேறு. எனக்கு அந்தப் பெண் மேல்கூட அவ்வளவு கோபம் வரவில்லை. ஒற்றை ஆளை நிறுத்தியவர்கள் மேல்தான் வந்தது.

போலீஸ் வேண்டாம், நுகர்வோர் ஆணையம் போகலாம் என்றார் சார். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். காசு கட்டிப் பார்த்த வைத்தியம் என்பதால் உச்ச நீதிமன்றத்தின் 1995 சாந்தா தீர்ப்பு அங்கே போக வழிவிடுகிறது. எல்லோருக்கும் இலவசமாகப் பார்க்கிற அரசு ஆஸ்பத்திரி என்றால் அந்தக் கதவு திறக்காது. நர்ஸின் தவறுக்கும் ஆஸ்பத்திரிதான் பதில் சொல்ல வேண்டும், அதனால் அதுதான் முதல் எதிர்தரப்பு. டாக்டரம்மாவைச் சேர்ப்பதா என்பதில் வீட்டில் சண்டை. “அவங்க வரலன்னா என் போட்டோவுக்கு மாலை போட்டிருப்பீங்க” என்றாள் தங்கை. அவள் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போனார். டாக்டரம்மாவை விட்டுவிட்டால் ஆஸ்பத்திரி பழியை அவர் தலையில் கட்டிவிட்டுத் தப்பிக்கும் என்று சார் சொல்லித்தான் இரண்டாவதாகச் சேர்த்தோம்.

மனுவைத் தங்கையிடம் படிக்கக் கொடுத்தேன். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தாள். ஏழாவது பத்தியில் நின்றாள்.

“ஈரமா இருக்குன்னு நான் ரெண்டு தடவை சொன்னேன் அக்கா. நீ ஒரு தடவைன்னு போட்டிருக்க.”

திருத்தினேன்.