மோனினோ: மழையில் நிற்கும் விமானங்கள்

மாஸ்கோ போகிறவர்கள் செஞ்சதுக்கம், கிரெம்ளின், மெட்ரோ நிலையங்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். என் பட்டியலில் முதலில் இருந்தது மோனினோ. நகரத்துக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கும் சிற்றூர். யாரோஸ்லாவ்ஸ்கி நிலையத்தில் மின்சார ரயில் பிடித்தால் கடைசி நிறுத்தம் அதுதான். மாஸ்கோவில் மருத்துவம் படிக்கும் திருநெல்வேலித் தம்பி ஒருவர் பேச்சுத் துணைக்கு வந்தார். "அண்ணா, இத்தனை வருஷமா இங்க இருக்கேன், இப்படி ஒரு இடம் இருக்குன்னே தெரியாது" என்றார்.

1932 முதல் 1956 வரை மோனினோ ஒரு ராணுவ விமானத்தளம். அது மூடப்பட்ட பிறகு 1958இல் விமானப்படை அருங்காட்சியகம் அமைக்க முடிவெடுத்து, 1960இல் திறந்தார்கள். பழைய ஓடுபாதை இருந்ததால்தான் பல பெரிய விமானங்கள் தாமே பறந்து வந்து இங்கே இறங்கியிருக்கின்றன. ஒலியைவிட வேகமாகப் பறக்கும் (சூப்பர்சானிக்) பயணிகள் விமானமான டியூ-144 கூட 1980இல் அப்படித்தான் வந்து சேர்ந்தது. இன்று அந்த ஓடுபாதையில் புல் மண்டிக் கிடக்கிறது. எந்த விமானமும் இனி இங்கிருந்து எழும்பப் போவதில்லை.

உள்ளே நுழைந்ததும் முதலில் வருவது மகிழ்ச்சிதான், மறைக்க மாட்டேன். சிறு வயதில் புத்தகங்களில் மட்டும் பார்த்த விமானங்கள் கை நீட்டினால் தொடும் தூரத்தில் வரிசையாக நிற்கின்றன. டியூ-95 குண்டுவீச்சு விமானத்தின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். ஒவ்வொரு என்ஜினிலும் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு புரொப்பெல்லர். அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து 2017 வரை பறந்த டியூ-142 இதன் வழிவந்ததுதான். அரக்கோணம் பக்கத்து ஆட்களுக்கு அந்தச் சத்தம் நன்றாகவே தெரிந்திருக்கும்.

ஆனால் கிட்டே போகப் போக மனம் கனத்துவிட்டது.

ஒரு பழைய மிக் விமானத்தின் அருகே குந்தி உட்கார்ந்து பார்த்தேன். டயர் ரப்பர் காய்ந்து, வெயிலில் கிடந்த களிமண்போல வெடித்திருந்தது. எடை டயரில் விழாமலிருக்க இரும்புத் தாங்கி ஒன்றை முட்டுக்கொடுத்திருந்தார்கள். சக்கரத்தின் உலோகம் பொரிந்து பொரிந்து உதிர்கிறது. அந்தக் காலத்தில் எடை குறைக்க மக்னீசியக் கலவையில் சக்கரம் செய்தார்கள். ஈரத்தில் அதுதான் முதலில் அரிக்கப்படும். இறக்கையின் அடியில் ரிவெட் வரிசை நெடுக பெயிண்ட் கொப்புளம் கட்டியிருந்தது. ஒன்றை விரலால் லேசாகத் தொட்டதும் வெள்ளை மாவு கொட்டியது. அலுமினியத்தின் துரு செந்நிறத்தில் இருக்காது, இப்படி வெள்ளைப் பொடியாகத்தான் வரும். அதனால் தூரத்தில் நிற்பவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது. அதுதான் இதில் ஆபத்தே.

காக்பிட் கண்ணாடிகள் பாதிக்கு மேல் மங்கிவிட்டன. அவை நிஜக் கண்ணாடி இல்லை, அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக். வெயில் பட்டுப்பட்டு மஞ்சளித்து, நுண்ணிய வெடிப்புகள் ஓடி, உள்ளே இருப்பது நிழலாகத்தான் தெரிகிறது.

மழையைவிடக் கொடியது மழைக்குப் பின் வரும் குளிர். விமானத்தின் வயிற்றில் தண்ணீர் வடிய சிறு துளைகள் வைத்திருப்பார்கள். பறக்கும் விமானத்தில் அவற்றை யாராவது பார்த்துக்கொண்டே இருப்பார்கள். நிற்கிற விமானத்தில் இலை, தூசி, பறவைக் கூடு எல்லாம் சேர்ந்து துளையை அடைத்துவிடும். உள்ளே தேங்கிய தண்ணீர் குளிர்காலத்தில் உறைந்து விரிந்து தகட்டைப் பிளக்கிறது. வசந்தத்தில் உருகி இன்னும் உள்ளே இறங்குகிறது. அடுத்த குளிரில் மறுபடியும் அதே கதை. இரும்பு ஆணியும் அலுமினியத் தகடும் ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால், ஒன்றுக்காக மற்றொன்று கரையும். அப்புறம் மேலே எத்தனை கோட் புதுப் பெயிண்ட் அடித்தாலும் அழுகல் அடியில் தொடரும்.

அந்தப் பெரிய வெளியில் என்னை அதிக நேரம் நிறுத்தியது விவிஏ-14. இத்தாலியில் இருந்து சோவியத் நாட்டுக்குப் போன ராபர்ட் பார்த்தினியின் வடிவமைப்பு. தரையிலும் நீரிலும் இறங்கி, ஓடுபாதையே இல்லாமல் செங்குத்தாக எழும்பி, நீர்மூழ்கிகளைத் துரத்த வேண்டும் என்பது திட்டம். 1972இல் முதலில் பறந்தது. செங்குத்தாகத் தூக்குவதற்கான 12 என்ஜின்கள் கடைசிவரை வந்து சேரவே இல்லை. 1974இல் பார்த்தினி இறந்துபோக, திட்டமும் மெல்ல ஓய்ந்தது. 1980களின் பிற்பகுதியில் இதை நீர்வழியாக அனுப்பிவைத்தபோது வழியில் சூறையாடிவிட்டார்கள். மோனினோ வந்தபோது கிடைத்த நிலையிலேயே விட்டுவிட்டார்கள். இறக்கைகள் கழன்று, வெறும் உடல் மட்டும் நிற்கிறது. சோவியத் விமான நிறுவனமான ஏரோஃப்ளோட்டின் எழுத்துகள் இன்னும் இருக்கின்றன. உலகத்தில் இப்படி வேறொன்று கிடையாது. இது போனால் போனதுதான்.

"இது என்ன அண்ணா, விபத்துல விழுந்ததா?" என்று தம்பி கேட்டார். இல்லை, முழுசாக அனுப்பிவைத்ததுதான், வழியில்தான் இப்படி ஆனது என்று சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

வி-12 ஹெலிகாப்டரும் அங்கே நிற்கிறது. இரண்டு பக்கமும் ரோட்டர் என்னும் சுழல்விசிறி, நான்கு என்ஜின், ஒரு ரோட்டர் முனையிலிருந்து மறுமுனை வரை 67 மீட்டர். அந்தக் காலத்து 747 ஜம்போவின் இறக்கை அகலமே இதற்குக் குறைவு. 1969இல் 44,205 கிலோ எடையை 2,255 மீட்டர் உயரம் தூக்கிய சாதனையை இன்றுவரை எந்த ஹெலிகாப்டரும் முறியடிக்கவில்லை. கட்டியது இரண்டே இரண்டு. அதில் ஒன்று இங்கே வெயிலையும் பனியையும் வாங்கிக்கொண்டு நிற்கிறது.

சுகோய் டி-4 மட்டும் சற்று ஆறுதல் தந்தது. ஒலியைப்போல மூன்று மடங்கு வேகத்துக்காகத் திட்டமிட்ட குண்டுவீச்சு விமானம். அந்தச் சூட்டைத் தாங்க டைட்டானியமும் எஃகும் கொண்டு கட்டினார்கள். 1972இல் பறக்கத் தொடங்கிய அது பத்து முறைதான் பறந்தது. டைட்டானியத்தை மழை ஒன்றும் செய்யாது. ஆனால் வயர், ரப்பர் சீல், கண்ணாடி எல்லாம் டைட்டானியம் இல்லையே! இதே ரகத்தில் அமெரிக்கர்கள் கட்டிய எக்ஸ்பி-70இல் மிஞ்சிய ஒன்று அமெரிக்காவின் டேட்டன் நகரில் கூரைக்குள் பத்திரமாக இருக்கிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 2003இல் கடைசியாக இறங்கிய சூப்பர்சானிக் பயணிகள் விமானமான கான்கார்டும் பல வருடம் வெளியில் நின்று, 2017இல்தான் தனக்கென்று கட்டிய கொட்டகைக்குள் போனது. ஆக, செய்ய முடியாத காரியமில்லை இது.

நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள். எல்லாவற்றுக்கும் கூரை போடக் காசு ஏது என்று கேட்டால், நியாயமான கேள்விதான். பெயிண்டும் பிரஷுமாகத் தன்னார்வலர்கள் வந்து வேலை செய்கிறார்கள். அவர்கள் கைபட்ட விமானங்களும் மற்றவையும் பார்த்தவுடனே வித்தியாசம் தெரிகிறது. அவர்களுக்கு என் வணக்கம். ஆனால் உலகில் ஒன்றோ இரண்டோ மட்டுமே உள்ள விமானங்களை முதலில் உள்ளே கொண்டு போகலாம். மிக்-21 உலகெங்கும் நூற்றுக்கணக்கில் கிடக்கிறது, அது காத்திருக்கும். விவிஏ-14க்கும் டி-4க்கும் வி-12க்கும் முதலில் கூரை வேண்டும். அதுவரை ஒவ்வொரு இலையுதிர்காலத்துக்கு முன்பும் வடிகால் துளைகளையாவது குத்திவிட வேண்டும். அதற்குப் பெரிய செலவில்லை. ஒரு கம்பியும் ஏணியும் போதும்.

போகிறவர்கள் கோடையில் போங்கள், முழு நாள் ஒதுக்குங்கள், புல் ஈரமாக இருக்கும் என்பதால் நல்ல காலணி போட்டுக்கொள்ளுங்கள். மூக்குக்கு முன் நின்று படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடாமல், குனிந்து சக்கரத்தையும் இறக்கை அடியையும் ஒருமுறை பாருங்கள்.