டிராகன்ஸ் டாக்மா 2 வீடியோ கேம்: முதல் சில மணி நேரத்துக்கு

ஓகர்ங்கிற அரக்கன் ஓங்கி ஒரு அறை விடுது. மருந்து குடிச்சதும் உயிர்க்கோடு ஏறுது, ஆனா முழுசா ஏறலை. ஓரத்துல ஒரு துண்டு இருண்டே கிடக்குது.

2012இல் வந்த முதல் பாகத்துக்கும் 2024இல் வந்த இதுக்கும் பெரிய வித்தியாசம் அந்த இருண்ட துண்டுதான்.

அடிபட அடிபட உயிரோட உச்ச அளவே குறையும். சாதாரண மருந்து அதை மீட்காது. சத்திரத்துல தூங்கணும், இல்லைன்னா முகாம் போடணும். முகாமுக்குக் கூடாரம் சுமக்கணும், அதுக்கும் எடை உண்டு. சுமை கூடினா ஸ்டாமினா பாதிக்கும். அதனால கூடாரத்தைத் துணைக்கு வர்ற பான்கிட்ட கொடுத்திடுங்க. படுக்குறதுக்கு முன்னாடி சுத்தி இருக்கிற எதிரிகளைத் தீர்த்துடுங்க. ராத்திரி தாக்கினா கூடாரமே போயிடலாம்.

போர்ட்கிரிஸ்டல்ங்கிற கல் இருக்கிற இடத்துக்கு ஒரே நொடியில தாவ ஃபெர்ரிஸ்டோன்ங்கிற பொருள் வேணும். கடையில ஒண்ணு 10,000 தங்கம், ஒரு தடவைதான் உதவும். ஆரம்பத்துல மெல்வே கிராமத்திலிருந்து தலைநகரம் வெர்ன்வொர்த்துக்கு மாட்டுவண்டியே போதும். நடந்து போனா இன்னும் அருமை! வழியிலதான் ஆட்டமே இருக்கு.

பான் தலைவலின்னு புலம்பினா, சொல்பேச்சு கேக்கலைன்னா கண்ணைப் பாருங்க. சிவப்பா மின்னினா டிராகன் பிளேக்ங்கிற நோய். மத்தவங்ககிட்ட இருந்து எடுத்த பான்னா உடனே அனுப்பிடுங்க. நோய் பிடிச்ச பானோட சத்திரத்துல தூங்கினா ஊர்மக்கள் கூண்டோடு சாகலாம், சேவ் ஸ்லாட்டும் ஒண்ணுதான்.

கணினியில தலைநகரத்துக்குள்ள ஃபிரேம் ரேட் சரிஞ்சு ஆட்டம் திக்கினா கிராபிக்ஸைக் குறைச்சுப் பெரிய பலன் இல்லை. கூட்டத்தோட கணக்கெல்லாம் பிராசஸர் தலையிலதான்.