"ஏன் சிஸ்டர் வந்தது?"

பெங்களூருவில் மனநல வார்டில் வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது. மனச்சிதைவு, அதாவது இல்லாத குரல் காதில் கேட்பது போன்ற தொல்லைகள் தரும் ஸ்கிசோஃப்ரினியா வந்த பிள்ளைகளோடு ஸ்ரீராமபுரம், அல்சூர் பக்கமிருந்து வரும் அம்மாக்கள் நான் தமிழ் என்று தெரிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு முதலில் கேட்பது இதுதான்: "என் பிள்ளைக்கு ஏன் சிஸ்டர் இது வந்தது?"

பதிலையும் அவர்களே வைத்திருப்பார்கள். செய்வினை, காதல் தோல்வி, பரீட்சையில் ஃபெயில். ஒரு அம்மா, இவன் வயிற்றில் இருந்தபோது மாமியாரோடு சண்டை போட்டு அழுதுகொண்டே இருந்தேனே, அதனாலா என்றார். பையனுக்கு 22 வயது.

மனச்சிதைவுக்கு ஒற்றைக் காரணம் கிடையாது. பொதுவாக 100 பேரில் ஒருவருக்கு வரலாம், அப்பா அம்மாவில் ஒருவருக்கு இருந்தால் ஏறக்குறைய 10 பேருக்கு. ஆனால் ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தாலும் மற்றவருக்குக் கட்டாயம் வரும் என்றில்லை, அதனால் பரம்பரை மட்டும் என்றும் சொல்ல முடியாது. பிரசவச் சிக்கல், சின்ன வயதில் கஞ்சா, தாங்க முடியாத மன அழுத்தம், மூளையில் செய்தி கடத்தும் டோபமைன் என்ற ரசாயனத்தின் ஓட்டம் மாறுவது எல்லாம் சேர்கிறது. ஒரு காலத்தில் டாக்டர்களே தாயின் வளர்ப்பைக் குறை சொன்னார்கள், அதைக் கைவிட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது. உங்களால் வரலைம்மா என்று அந்த அம்மாவிடம் மூன்று தடவை சொன்னேன். வீட்டில் ஓயாமல் திட்டிக்கொண்டே இருந்தால் குணமானது திரும்பி வரலாம், அதையும் மறைக்காமல் சொன்னேன்.

சேர்ந்த புதிதில், யாரோ பேசுவது கேட்கிறது என்ற ஒரு நோயாளியிடம், "அங்கே யாரும் பேசலையே" என்று சொல்லிவிட்டேன். அதோடு அவர் என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். இப்போதெல்லாம், "எனக்குக் கேட்கலை, உங்களுக்குக் கேட்குது, பயமா இருக்கா?" என்றுதான் கேட்பேன்.

அந்த அம்மாவின் பையன் மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துத் துப்பிவிடுவான். வாயைத் திறக்கச் சொன்னால் ஈரத்தில் பாதி கரைந்து ஒட்டிக்கொண்டிருக்கும். அடம் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். ஏன்டா தம்பி என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டபோதுதான் கையை நீட்டினான், விறைத்துப்போய் நடுங்கியது, டம்ளர் பிடித்தால் டீ சட்டையில் கொட்டுகிறதாம். மாத்திரையால் வரும் தொல்லை அது. டாக்டரிடம் சொன்னேன், அவர் மருந்தை மாற்றினார். பத்து நாள் கழித்து டம்ளரை ஒரே கையில் பிடித்து டீ குடித்தான், அவன் அம்மா வராந்தாவில் நின்று அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.