சுண்டும் விரலும் சிறுமூளையும்

வடசென்னையில் கேரம் பற்றி எழுதுவதற்குத் தனியாகக் காரணம் தேட வேண்டியதில்லை. 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்த காசிமா மூன்று தங்கப் பதக்கங்களை வென்றார். அவருக்கு வெகுகாலம் முன்பே வியாசர்பாடி இளவழகி உலகப் பட்டத்தை எடுத்து வந்துவிட்டார். ஆனால் நான் எழுத வந்தது பதக்கங்களைப் பற்றியன்று. எங்கள் தெருமுனை மன்றத்தில் மாலை வேளைகளில் பலகையைச் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும்போது என்னை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு கேள்வியைப் பற்றியது இப்பதிவு. கண்ணில் விழும் காட்சியை வைத்துக் கையின் போக்கைத் திருத்த மூளைக்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரமாவது, பெரும்பாலும் அதற்கு மேலும், தேவைப்படுகிறது. விரல் ஸ்ட்ரைக்கரைத் தொட்டு விடுபடுவதோ அதைவிட மிக விரைவில் முடிந்துவிடுகிறது. அப்படியானால் சுண்டும் கணத்தில் விரலைக் கட்டுப்படுத்துவது எது?

பாடப்புத்தகங்கள் முதலில் காட்டுவது இயக்கப் புறணியை, அதாவது பெருமூளைப் பரப்பில் தசைகளுக்குக் கட்டளை அனுப்பும் பகுதியை. 1870-இல் பெர்லினில் குஸ்டாவ் ஃப்ரிட்ஷ், எட்வர்ட் ஹிட்சிக் என்ற இருவர், நாயின் பெருமூளைப் பரப்பில் ஓரிடத்தில் மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தியபோது உடலின் எதிர்ப்பக்கத்துத் தசைகள் துடித்தன. 1930-களில் மான்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்ட், அறுவை மேசையில் விழித்திருந்த நோயாளிகளின் மூளையை அவ்வாறே தொட்டுத் தொட்டு ஒரு வரைபடம் தயாரித்தார்; அதில் கைக்கும் உதட்டுக்கும் கிடைத்த இடம், முதுகுக்கும் காலுக்கும் கிடைத்ததைவிட மிகப் பெரியது. இந்தப் படத்தின் மீது எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஆர்மோனியக் கட்டையை அழுத்தினால் சுரம் வருவதைப் போல, மூளையில் ஒரு புள்ளி தூண்டப்பட்டால் ஒரு தசை அசையும், இயக்கம் என்பது அவ்வளவுதான் என்ற எண்ணத்தை அது எளிதில் உண்டாக்கிவிடுகிறது.

அந்த எண்ணம் சரியன்று என்பதை மாஸ்கோவில் நிகோலாய் பெர்ன்ஷ்டைன் 1920-களிலேயே காட்டிவிட்டார். சுத்தியலால் உளியை அடிக்கும் தொழிலாளர்களின் கை மூட்டுகளில் சிறு விளக்குகளைப் பொருத்திப் படம்பிடித்த அவர், தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகியவை அடிக்கு அடி வேறு வேறு பாதையில் போனாலும் சுத்தியலின் முனை ஏறத்தாழ ஒரே இடத்தில் வந்து இறங்குவதைக் கண்டார். தேர்ந்த கை ஒரே அசைவை மறுபடி மறுபடி செய்வதில்லை. ஒரே இலக்கை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தீர்த்துக்கொள்கிறது. எங்கள் மன்றத்தில் முழங்கையை ஒரு முறை உயர்த்தியும் மறுமுறை பலகையோரத்தில் சாய்த்தும் ஆடுகிற ஒருவர், இரு முறையும் அதே கட் ஷாட்டில் காயைக் குழிக்குள் இறக்குவதைப் பார்க்கும்போது எனக்குப் பெர்ன்ஷ்டைன்தான் நினைவுக்கு வருவார்.

இந்தக் கணக்கில் பெரும்பங்கு, பின்தலையில் பெருமூளைக்கு அடியில் இருக்கும் சிறுமூளையினுடையது. எடையில் மூளையின் பத்தில் ஒரு பங்கே இருக்கும் அதில், 2009-இல் பிரேசில் ஆய்வாளர்கள் வெளியிட்ட எண்ணிக்கையின்படி, மொத்தமுள்ள சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் ஏறத்தாழ 6,900 கோடி அடங்கியிருக்கின்றன. முதல் உலகப் போரில் பின்தலையில் குண்டடிபட்ட வீரர்களைப் பரிசோதித்த கோர்டன் ஹோம்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், சிறுமூளை பழுதானவர்களுக்குக் கை செயலற்றுப் போகவில்லை, ஆனால் அளவு தவறிவிட்டது என்பதைப் பதிவுசெய்தார்: நீட்டிய கை இலக்கைத் தாண்டிப் போகும், இலக்கை நெருங்க நெருங்க நடுங்கும். அவர்களில் ஒருவர், இடக்கை தானாகவே இயங்குகிறது, வலக்கையின் ஒவ்வோர் அசைவையும் தான் யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது என்ற பொருளில் சொல்லியிருக்கிறார்.

யோசிக்காமலே அளவு அமைவது எப்படி? தசைக்குக் கட்டளை போகும்போதே அதன் நகலொன்று மூளைக்குள்ளேயே வேறு பகுதிகளுக்கும் போகிறது என்ற கருத்தை 1950-இல் ஜெர்மனியில் எரிக் ஃபான் ஹோல்ஸ்ட், ஹோர்ஸ்ட் மிட்டெல்ஷ்டெட் ஆகிய இருவரும், அமெரிக்காவில் ரோஜர் ஸ்பெரியும் தனித்தனியே முன்வைத்தார்கள். அந்த நகலை வைத்து, அசைவு நடந்து முடியும் முன்பே அதன் விளைவைச் சிறுமூளை கணித்துவைக்கிறது என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாததற்கும் காரணம் இதுவே. 1990-களின் இறுதியில் லண்டனில் செய்த சோதனைகளில், ஒருவருடைய கையசைவைச் சற்றுத் தாமதித்து அவருடைய மறு உள்ளங்கையில் சேர்க்கும் கருவியை இடையில் வைத்தவுடன், கணிப்புப் பிசகி, கூச்சம் வரத் தொடங்கியது.

கணிப்பு தவறும்போது அது திருத்தப்படும் விதத்தை 1994-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ரெசா ஷத்மேர், ஃபெர்டினாண்டோ முசா-இவால்டி ஆகியோர் அழகாகக் காட்டினார்கள். ஓர் இயந்திரக் கையின் பிடியைப் பற்றி ஒரு புள்ளிக்கு நகர்த்தச் சொன்னார்கள். இயந்திரம் பக்கவாட்டில் தள்ளியது. முதலில் கோணலாகப் போன கைகள், பல முறை நகர்த்திய பின் நேராகச் செல்லலாயின. பிறகு சொல்லாமல் அந்த விசையை நிறுத்தியபோது, கைகள் எதிர்ப்பக்கமாகக் கோணின. தள்ளுதலை எதிர்பார்த்தே கட்டளை போயிருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா? ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கடற்காற்றின் ஈரம் ஏறி எங்கள் பலகை எவ்வளவு பவுடர் தூவினாலும் மந்தமாகிவிடும். “இன்னிக்கு போர்டு இழுக்குதுண்ணா” என்று சலித்துக்கொள்ளும் பையன்கள் சில ஷாட்டுகளுக்குள் விசையைக் கூட்டிக்கொள்வார்கள். அதே கையோடு போட்டிப் பலகையில் போய் உட்கார்ந்தால், முதல் சில ஷாட்டுகளில் ஸ்ட்ரைக்கர் எதிர்க்கரையில் மோதித் திரும்பி வந்து நிற்கும்.

கட்டளை போயும் பதில் வராவிட்டால் என்னவாகும் என்பதை ஆராய்ந்தவர் நம் பகுதியில் படித்தவர்தான். பழைய வண்ணாரப்பேட்டை பக்கத்து ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் பயின்ற வி. எஸ். ராமச்சந்திரன், 1990-களில் கலிஃபோர்னியாவில், கையை இழந்த பிறகும் அந்தக் கை விரல்களை இறுக மடக்கியபடி வலிக்கிறது என்று சொன்னவர்களின் முன் ஒரு கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியுமாறு செய்தார். சிலருக்கு இல்லாத கை விரிந்தது, வலியும் குறைந்தது. எல்லாருக்கும் அது பலிக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மன்றத்திற்கு வரும் பெரியவர் ஒருவருக்குப் பார்க்கின்சன் நோய் இருக்கிறது. மடியில் கிடக்கும்போது நடுங்கும் கை, ஸ்ட்ரைக்கரை நோக்கிப் போகும்போது அடங்கிவிடுவதைப் புதிதாய்ப் பார்ப்பவர்கள் வியப்பார்கள். ஹோம்ஸ் கண்ட வீரர்களுக்கு நேரெதிர் இது. இங்கே பழுது சிறுமூளையில் இல்லை. மூளையின் ஆழத்தில், அசைவைத் தொடங்குவதிலும் தேர்வதிலும் பங்குகொள்ளும் அடித்தள முடிச்சுகளுக்கு டோபமின் என்ற வேதிப்பொருளை அனுப்பும் அணுக்கள் மடிந்துவிடுகின்றன. டோபமின் அசைவுக்கு மட்டுமல்லாமல், முந்தைய ஆட்டத்திலிருந்து கற்றுக்கொள்வதற்கும் தேவை. 2004-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், இந்நோயாளிகள் மாத்திரை எடுக்காத நேரத்தில் தவறிய தேர்வுகளிலிருந்தும், எடுத்த நேரத்தில் பலித்த தேர்வுகளிலிருந்தும் நன்றாகக் கற்றது தெரியவந்தது. இதை நான் விளக்கிச் சொன்னபோது பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மாத்திரை வேலை செய்ய முக்கால் மணி நேரம் ஆகும், அதுவரை வேறு யாராவது உட்காரட்டும் என்று தன் இடத்தைக் காட்டினார்.