ஒரு டிக் அடித்ததற்கு ஒன்றரை லட்சம்

தொண்டிப் பக்கம் நாட்டுப்படகில் போய், அரை மீட்டர் சட்டத்தைத் தண்ணீருக்குள் வைத்து, இரண்டு வருடம் கடற்புல் எண்ணினேன். ஆவுளியா என்கிற கடற்பசு மேயும் புல். பழைய ஆய்வுகளில் பலவற்றை, 1947-ல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் இலவச இணையக் களஞ்சியத்தில்தான் படித்தேன். என் கட்டுரையும் அப்படியே யாருக்கும் கிடைக்க வேண்டும் என்று ஓர் ஓப்பன் அக்சஸ் இதழுக்கு அனுப்பினேன். படிப்பவருக்கு இலவசம், கட்டணம் எழுதியவர் தலையில். ‘கட்டணத்துக்குச் சம்மதம்’ என்ற கட்டத்தில் டிக் அடித்தால்தான் அடுத்த பக்கம் திறந்தது. அடித்துவிட்டேன். ராத்திரி பதினொன்றரை மணிக்கு எவ்வளவு என்று யார் பார்த்தார்கள்?

ஐந்து மாதம் கழித்து ஏற்பு மெயிலோடு இன்வாய்ஸும் வந்தது. 1,800 டாலர், ஏறக்குறைய ஒன்றரை லட்சம் ரூபாய். கௌரவ விரிவுரையாளரான எனக்கு ஆறு மாதச் சம்பளம். “நல்லவேளை தம்பி, நேச்சர் இதழுக்குப் போடலை. அங்க 2021-லயே 9,500 யூரோ” என்றார் கைடு. ஆறுதலாம்!

சலுகை கேட்டு எழுதினேன். அனுப்பும்போதே கேட்டிருக்க வேண்டும் என்று இரண்டு வரியில் பதில். தோண்டிப் பார்த்தால், அப்போது கேட்டிருந்தாலும் கிடைத்திருக்காது. வழக்கமாக முழு விலக்கு மிக ஏழை நாடுகளுக்குத்தான். அடுத்த படியில் இருப்பவர்களுக்குச் சில பெரிய பதிப்பகங்கள் பாதி தள்ளுபடி தருகின்றன, நாட்டின் மொத்தப் பொருளாதாரம் 20,000 கோடி டாலருக்குள் இருந்தால். இந்தியா வெளியே, இலங்கை உள்ளே. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். அதே புல்லை அந்தக் கரையிலிருந்து எண்ணியிருந்தால் பாதி விலை!

கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். எடிட்டருக்குக் கோபம், நியாயம்தான். ரிவ்யூ செய்த இரண்டு பேரும் காசு வாங்காமல் படித்தவர்கள்.

அப்புறம், படிப்பவர் காசு கட்டும் ஒரு சந்தா இதழ் ஏற்றது. அங்கேயும் ஓப்பன் அக்சஸ் வழி பெரிய நீலப் பட்டனில் இருந்தது, கட்டணமில்லாத சந்தா வழி அதற்குக் கீழே பொடி எழுத்தில். இந்த முறை கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். ஏற்கப்பட்ட பிரதியை, பதிப்பகத்தின் பக்க வடிவமைப்பு இல்லாமல், 12 மாதம் கழித்துக் களஞ்சியத்தில் போட ஒப்பந்தமே இடம் தருகிறது. ஓப்பன் பாலிசி ஃபைண்டர் (முன்பு ஷெர்பா ரோமியோ) தளத்தில் இதழின் பெயரைப் போட்டால் இந்த விதி தெரியும். அனுப்புவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

என் 12 மாதக் கெடு வரும் மார்ச்சில் முடிகிறது. அதுவரை மெயிலில் கேட்பவர்களுக்கு நானே அனுப்புகிறேன். இதுவரை நான்கு பேர் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் யாழ்ப்பாணத்துக்காரர்.