ரபோபேங்க் ஜெர்சி

புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட். துணிக் குவியலுக்குள் ஒரு சைக்கிள் ஜெர்சி. ஆரஞ்சும் நீலமும். நெஞ்சில் 'ரபோபேங்க்'. முதுகில் மூன்று பாக்கெட். நடு பாக்கெட்டில் மட்டும் எலாஸ்டிக் செத்துப்போய்த் தொங்குகிறது.

"ஃபாரின் பிராண்டு சார்."

"என்ன பிராண்டுண்ணே?"

"அதான் எழுதியிருக்கே!"

அது நெதர்லாந்து வங்கி. 1996லிருந்து சைக்கிள் அணிக்குப் படியளந்தது. 2012 அக்டோபரில் அமெரிக்க சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் ஊக்கமருந்து எடுத்ததைப் பற்றிய அறிக்கை வெளிவந்த ஒன்பதாம் நாள் விலகிக்கொண்டது. இந்த விளையாட்டு சுத்தமாகும் என்ற நம்பிக்கை போய்விட்டதாம்.

ஆம்ஸ்ட்ராங் இவர்கள் அணி ஆளே இல்லை. அதற்காக இவர்கள் ஒன்றும் தெரியாத பாப்பாவும் இல்லை. 2007 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில், முதலிடத்துக்கான மஞ்சள் ஜெர்சியில் இருந்த தன் வீரர் ராஸ்முசனை, பந்தயத்துக்கு முன் எங்கே இருந்தார் என்பதில் பொய் சொன்னார் என்று பாதியில் அனுப்பியது இதே அணிதான். அப்போது போகாத நம்பிக்கை!

எனக்குப் பிடித்தது அடுத்து நடந்ததுதான். வீரர்களோடு ஒப்பந்தம் பாக்கி. பணத்தைக் கொடுத்தார்கள், பெயரை மட்டும் எடுத்துவிட்டார்கள். 2013ல் அணி 'பிளாங்கோ' என்று ஓடியது. அதாவது 'வெற்று'.

நம்மூரில் கோயில் டியூப்லைட்டில் வெளிச்சத்தை மறைத்து 'உபயம்' எழுதுவோம். காசையும் கொடுத்து, பேர் வேண்டாம் என்று ஒரு வங்கி!

அந்த அணி பெயர் மாறி மாறி, ஜம்போ-விஸ்மாவாக 2022லும் 2023லும் டூர் டி பிரான்ஸ் ஜெயித்தது.

வங்கிக்காரர்களுக்கு அன்றைக்கு வயிறு எரிந்திருக்காதா?